காற்றோடு வந்த வாசனையும் காரணம் தெரியாத கண்ணீரும்

கேள்வி: எனக்கு 60 வயது. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சிங்கப்பூரின் ஈசூனில் மகன், மருமகள், பேரனோடு இருக்கிறேன். போன வாரம் ஒருநாள் மாலை, மழை விட்டதும் கடைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாசனை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் இருந்தது. நெஞ்சு அடைத்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. துக்கம் என்றும் சொல்ல முடியவில்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. இனிப்பான வாசனை, பூவாக இருக்கலாம். மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது அதே இடத்தில் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எங்கள் புளோக்கின் கீழே சீனர்கள் இறந்தவர்களுக்காகத் தாள் எரிப்பார்கள். இத்தனை வருடங்களாக நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. இந்த ஆண்டு அந்தப் புகை மேலே வந்தாலே கோபம் கோபமாக வந்தது. இருபது ஆண்டுகளாகப் பழகிய பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் அம்மா சென்ற ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். எனக்கு ஏழு வயதாகும்வரை அங்கே குடியிருப்பில்தான் இருந்தோம். அம்மா கடைசிவரை அந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சேலைகளில் நான்கைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன். தினமும் படுக்கும் முன் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைப்பேன். வாசனை குறைந்துகொண்டே வருகிறது. அது போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

மூன்று வாரங்களாக வீட்டில் அவ்வப்போது ஏதோ கருகும் வாசனை வருகிறது, எனக்கு மட்டும். மருமகள் மனப்பிரமை என்கிறாள். அக்கா, “அம்மா வந்துவிட்டுப் போகிறார்” என்கிறார். என் புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்படி வரிசைப்படுத்தி எழுதத் தெரிந்தவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஆனால் தொடர்பில்லாத இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். மாலையில் வந்த பூ வாசனை, தாள் புகை, அம்மாவின் சேலை மூன்றும் ஒரு பக்கம். கருகல் வாசனை தனி. கடைசியில் நாலு வரியில் சொல்லி முடித்த அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் அவசரம் உண்டு.

முதலில் வீட்டைச் சந்தேகியுங்கள், அடுத்து மூக்கை, மனத்தைக் கடைசியில் பார்க்கலாம். குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பிளக், பல பிளக்குகள் சொருகிய நீட்டிப்பு வயர், சோறு வடிக்கும் குக்கரின் அடிப்பாகம், தண்ணீர்ச் சூடேற்றியின் சுவிட்ச் ஆகியவற்றை ஒரு மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறிய பிளாஸ்டிக் விட்டு விட்டுத்தான் நாறும். அடுத்த முறை வாசனை வரும்போது பேரனைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். சிறுவர் மூக்கு பெரும்பாலும் வயதானவர்களுடையதைவிடக் கூர்மையானது. உங்கள் மருமகளைப் போல முன்முடிவும் அதற்குக் கிடையாது.

வீட்டில் குறையே இல்லை, பேரனுக்கும் எதுவும் தெரியவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். இல்லாத வாசனை இருப்பதுபோல் தோன்றுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. அப்படித் தோன்றும் வாசனைகளில் கருகலும் புகையும் அடிக்கடி வருபவை. பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும்: சளிப் பிடித்து விட்டது, சைனஸ் அழற்சி, கொவிட் வந்து போனது, ஒற்றைத் தலைவலி, பல்லில் சீழ், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. மிக அரிதாக, மூளையின் பக்கவாட்டு மடலில் எழும் சிறு வலிப்பும் இப்படித் தெரியும். கை கால் வெட்டி இழுக்காத வலிப்பு அது. சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ ஒரு கெட்ட வாசனை, வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போன்ற உணர்வு, இதெல்லாம் முன்பே நடந்ததுபோன்ற மயக்கம், கணநேரம் சூழல் புரியாமல் போவது என்று சேர்ந்து வரும். ஆகவே மருத்துவரிடம் போகும் முன் சிலவற்றைக் குறித்து வையுங்கள். வாசனை நொடிக்கணக்கில் இருக்கிறதா, மணிக்கணக்கிலா? ஒரு பக்க மூக்கிலா, இரண்டிலுமா? மூக்கைப் பொத்தினால் போகிறதா? அந்த நேரத்தில் நீங்கள் விழித்தபடி உறைந்து போனதாக யாராவது சொன்னார்களா? இந்தக் குறிப்பு கையில் இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்புவதா, நரம்பியல் நிபுணரிடம் அனுப்புவதா என்று மருத்துவர் எளிதில் முடிவு செய்வார். இடையில் நினைவு தப்பினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

60 வயதுக்குமேல் மோப்பத் திறன் பலருக்கும் மெல்லக் குறையத் தொடங்கும். அதையும் சோதித்துவிடுவது நல்லது. குறைந்திருந்தால் அதற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு இவற்றின் எண்ணெய்களைக் காலையும் மாலையும் சில நொடிகள் கவனத்தோடு முகர்வது. ஜெர்மானிய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட முறை. பணச் செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

அக்காவோடு வாக்குவாதம் வேண்டாம். இறந்தவர் வந்து போகிறார் என்ற நம்பிக்கை பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. அதைப் பிடுங்கும் உரிமை எனக்கில்லை. அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: அம்மா வருவதாக இருந்தால் தம்முடைய சேலை வாசனையோடு வரமாட்டாரா, கருகிய வயர் வாசனையோடு ஏன் வரப்போகிறார்?

இனி அந்த மாலை வாசனைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்தது இதற்காகத்தான்.

கடிதத்தில் அக்டோபர் தேதி இருக்கிறது. மழை விட்ட மாலை, இனிப்பான பூ வாசனை, காலையில் போனால் இல்லை. என் ஊகம், அது தெம்புசு மரம். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கிளை தாழ்ந்து நிற்கிறதே, அந்த மரம்தான். அந்த நோட்டில் இருப்பது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் உள்ள தெம்புசு. 1859இல் பூமலையை அமைப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே நிற்கிறது. பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, மே-ஜூன் வாக்கிலும் அக்டோபர்-நவம்பர் வாக்கிலும் தெம்புசு பூக்கும். பூ பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெளிர் மஞ்சளில் சிறிதாக, கொத்துக் கொத்தாக, இலைகளுக்குள் மறைந்து இருக்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அதன் மணம் தெருவையே நிறைத்துவிடும். வெயில் ஏறினால் அடங்கிவிடும். நீங்கள் தேடிப் போனது காலையில்!

இடம் சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் வாசனை சிக்காது. நேரமும் சரியாக இருந்தாலும் காற்று ஒத்துழைக்க வேண்டும். மரத்திலிருந்து கிளம்பும் மணம் ஒரே சீராகப் பரவுவதில்லை. காற்றில் இழைஇழையாகப் பிரிந்து அலையும். ஓர் இழை உங்கள் மூக்கைத் தொட்டது, அடுத்த அடியில் நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். அங்கேயே நின்றிருந்தாலும் அதிக நேரம் தெரிந்திருக்காது. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். டுரியான் கடைக்காரர் டுரியானை முகர்வதில்லை.

சரி, பூ வாசனைக்கு ஏன் நெஞ்சு அடைக்க வேண்டும்? கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மேலே போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் இடையே உள்ள உயரத்தில், ஒரு சிறிய சவ்வு இருக்கிறது. அதில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபெல் பரிசு கிடைத்தது. அங்கிருந்து கிளம்பும் நரம்பு, மோப்பக் குமிழைத் தொட்டதும் அடுத்த எட்டில் அமிக்டலாவை அடைந்துவிடும். பயம், பாசம், வெறுப்பு எல்லாவற்றுக்கும் மணியடிக்கும் இடம் அது. நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பொருளுக்குப் பெயர் சொல்லும் மொழிப் பகுதிகளோடு மோப்பத்துக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை. அதனால்தான் முதலில் கண்ணில் நீர் வந்தது, “என்ன வாசனை இது” என்ற கேள்வி பின்னால் வந்தது. பெயர் கடைசிவரை வரவே இல்லை. பலருக்கும் இது அன்றாடம் நடக்கிறது. தெரிந்த வாசனை என்று நிச்சயமாகத் தெரியும், எங்கே முகர்ந்தது என்று மட்டும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சுவீடனில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குச் சொற்களையும், சிலருக்குப் படங்களையும், சிலருக்கு வாசனைகளையும் கொடுத்து, அவை எந்த நினைவைக் கிளறுகின்றன என்று கேட்டார்கள். சொல்லும் படமும் கிளறிய நினைவுகள் பெரும்பாலும் பதின்வயதும் இளமையும் சார்ந்தவை. வாசனை கிளறியவையோ பத்து வயதுக்கு உட்பட்டவை. நீங்கள் செம்பவாங்கில் இருந்தது ஏழு வயதுவரை. கடற்படைத் தளக் குடியிருப்பின் சாலையோரத்தில் என்னென்ன மரங்கள் நின்றன என்று உங்களுக்கு இப்போது சொல்லத் தெரியாமல் இருக்கலாம். மாலை விளக்கேற்றும் நேரத்தில் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டது நினைவில் இருக்கிறதா, இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. மூக்குக்கு அதெல்லாம் தெரிந்திருக்கலாம்.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். மல்லிகையும்தான் சின்ன வயதிலிருந்து முகர்கிறோம், தேக்கா பூக்கடைகளைத் தாண்டிப் போகும்போது யாரும் அழுவதில்லையே? ஆம். மல்லிகை உங்கள் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்திருக்கிறது. கோயில், கல்யாணம், வெள்ளிக்கிழமை, இழவு வீடு என்று எத்தனையோ இடங்களில் முகர்ந்து முகர்ந்து அது எந்த ஒரு நாளுக்கும் சொந்தமில்லாமல் ஆகிவிட்டது. எப்போதோ ஒரு வீட்டில் முகர்ந்து, அந்த வீட்டை விட்டு வந்தபின் அதிகம் சந்திக்காத வாசனைதான் அந்த வீட்டை அப்படியே வைத்திருக்கும். நல்ல வாசனையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் பத்தாண்டுகள் பாடுபட்டுச் சுத்தப்படுத்தினார்கள். அதற்கு முன் அந்த ஆறு நாறிய நாற்றத்தை நினைத்து ஏங்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படகுத்துறையில் வேலை பார்த்த அவர்களுடைய இளமை அந்தச் சேற்று வாடையோடு கலந்திருக்கிறது. யார் என்ன செய்ய முடியும்?

ஆகவே மறுபடி அந்த வாசனை வந்தால் விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள், அதற்குப் பயந்து வழியையும் மாற்றாதீர்கள். நடையை நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு மெதுவாக இழுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். என்ன பூ, எந்த ஆண்டு என்று அங்கேயே விசாரணை தொடங்கினால் உணர்வு கலைந்துவிடும். அதை வீட்டுக்கு வந்த பிறகு அக்காவிடம் பேசிக்கொள்ளலாம். உங்களைவிட மூத்தவர் அவர். செம்பவாங் வீடு அவருக்கு உங்களைவிடத் தெளிவாக நினைவிருக்கும்.

தாள் புகையைப் பற்றி. கடிதத்தில் ஒரு பத்தியில் ஏழாம் மாதக் கோபம் இருக்கிறது, அடுத்த பத்தியில் அம்மா ஆகஸ்டில் காலமான செய்தி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஒரு கோடுகூடப் போடவில்லை. சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டித்தான் வரும். அம்மா படுக்கையில் இருந்த நாள்களிலோ, உடலைக் கிடத்தியிருந்த இரவிலோ அந்தப் புகை உங்கள் வீட்டுச் சன்னல் வழியே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அன்று கவனிக்க வேறு எவ்வளவோ இருந்தன. ஆனால் அமிக்டலா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. இந்த ஆண்டு புகை வந்ததும் துக்கம் வந்தது. துக்கத்துக்குக் காரணம் தெரியாததால் அது கோபமாகிப் பக்கத்து வீட்டு அம்மாவின் மேல் இறங்கியது. அதோடு புகை என்பது முழுக்க வாசனையும் அல்ல. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வேலையை முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு செய்கிறது. உடம்புக்கே எரிச்சல் ஏற்பட்டிருக்கும்போது மனத்துக்கு ஏற்படாதா?

பழக்கமான மனிதரை இதற்காக இழக்க வேண்டாம். “என் அம்மா போனது இந்த மாதத்தில். அதனால் புகையைக் கண்டால் மனம் கலங்கிவிடுகிறது” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் தம் முன்னோருக்காகத்தான் தாள் எரிக்கிறார். நான் அறிந்தவரை, இதைப் புரிந்துகொள்ள உங்கள் மருமகளைவிட அவருக்குக் குறைவான விளக்கமே தேவைப்படும்.

கடைசியாகச் சேலைகள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப்போகிறேன்.

வாசனை என்பது துணியை விட்டுக் கிளம்பிக் காற்றில் ஏறும் நுண்ணிய மூலக்கூறுகள். கிளம்பினால்தான் உங்கள் மூக்குக்குத் தெரியும். கிளம்பியது திரும்பித் துணிக்கு வராது. ஒவ்வோர் இரவும் பையைத் திறக்கும்போது அம்மாவின் வாசனையில் கொஞ்சத்தை நீங்களே செலவழிக்கிறீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை வாசனையை முழுதாக அடைத்து வைக்காது, தன் வாடையையும் துணிக்கு ஏற்றிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் துவைக்காத சேலைக்குப் பூஞ்சையும் பிடிக்கும். சில மாதங்களில் நீங்கள் முகர்வது அம்மாவை அல்ல, அலமாரியை.

துணியோடு மனமும் இதில் சேர்ந்திருக்கிறது. மல்லிகையைப் பற்றி மேலே சொன்னேனே, அதேதான் இங்கும். தினமும் படுக்கும் முன் முகர்ந்தால் அந்த வாசனை அம்மாவின் மடியை விட்டு உங்கள் படுக்கையறைக்கும் உறக்கமில்லாத இரவுகளுக்கும் சொந்தமாகிவிடும். நீங்கள் காப்பாற்ற நினைப்பதை நீங்களே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு சேலையை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அதிகம் உடுத்தியதாக இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில், இறுக மூடும் மூடியோடு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் அந்துருண்டை இருக்கக்கூடாது. திறப்பதற்கு ஆண்டில் ஒரு நாள், உங்கள் குடும்ப வழக்கப்படி திதி நாளோ அவருடைய பிறந்தநாளோ, போதும். மற்ற மூன்றையும் துவைத்துக் கட்டுங்கள். அக்காவுக்கு ஒன்று கொடுங்கள். மருமகளுக்கும் ஒன்று கொடுத்துப் பாருங்கள். “மனப்பிரமை” என்று சொன்னவர் மாமியாரின் அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தால் வீட்டுப் பேச்சே மாறலாம்.

அம்மாவின் வாசனை எதனால் ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தலைமுறையில் பலருக்கும் அது தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், கோடாலித் தைலம் மூன்றின் கலவையாக இருக்கும். மூன்றையும் இன்றும் ஈசூனில் எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம். ஆகவே சேலையிலிருந்து போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்ற பயம் வேண்டாம். ஆனால் வாங்கி வந்து தினமும் பூசிக்கொள்ளாதீர்கள்.

இது நீடித்த துக்க நோயா என்றும் உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கலாம். அம்மா போய் ஓராண்டு கடந்த பின்னும் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஏக்கம் வாட்டி எடுத்து, சாப்பாடு, உறக்கம், வீட்டு வேலை, மனிதர் தொடர்பு எல்லாம் குலைந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் பற்றியே மருத்துவர்கள் யோசிப்பார்கள். கடைக்குப் போய், நடைப்பயிற்சிக்குப் போய், இவ்வளவு நிதானமாகக் கடிதம் எழுதும் ஒருவரிடம் எனக்கு அப்படித் தெரியவில்லை. சேலையை முகராமல் இருக்க முயன்று இரண்டு மூன்று வாரங்கள் ஆன பின்னும் உறக்கம் வராவிட்டால் உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்கள். தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் யார் கிடைக்கிறாரோ அவரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும்.